பழைய கவுண்டி வரைபடத்தை வெளுக்கக் கொடுப்பதற்கு முன்

இங்கிலாந்தின் பழைய கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) வரைபடங்களைச் செப்பனிடக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, தாள் பழுப்பேறிவிட்டது, வெள்ளையாக்கிக் கொடுங்கள் என்பதுதான். சிலர் மங்கிய எல்லைக் கோட்டுக்கு மறுபடி வண்ணம் ஏற்றவும் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

தகட்டில் செதுக்கி அச்சிட்ட கறுப்புக் கோடும் எழுத்தும் தண்ணீரை ஓரளவு தாங்கும். எல்லையைக் காட்டும் வண்ணமோ, அச்சுக்குப் பிறகு தூரிகையால் தீட்டிய நீர்வண்ணம். வெயிலில் மாட்டினாலே வெளிறும், வெளுக்கும் மருந்தில் போட்டால் சில வண்ணங்கள் சுவடே இல்லாமல் போய்விடும். போவது அழகு மட்டுமல்ல. நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றியமைத்த 1832 சீர்திருத்தச் சட்டம் பல கவுண்டிகளைக் கிழக்கு, மேற்கு என்பதுபோல இரண்டு தேர்தல் பிரிவுகளாக்கியது, பதிப்பாளர்களோ பழைய தகட்டையே திருத்தித் திருத்திப் பல வருடம் ஓட்டினார்கள். அதனால் உங்கள் தாள் எந்தக் காலத் தேர்தலைக் காட்டுகிறது என்பதற்கு அந்த மெல்லிய கோடே முக்கியச் சாட்சியாக இருக்கலாம்.

ஊர்ப் பெயர் பக்கத்தில் சிறு நட்சத்திரங்கள் இருந்தால் அவற்றையும் எண்ணிப் பாருங்கள். பல பழைய வரைபடங்களில் அந்த ஊர் அனுப்பும் நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கை அதுதான். வில்ட்ஷயரில் ஆளே குடியில்லாத ஓல்டு சாரம் மேட்டுக்கு 1832 வரை இரண்டு உறுப்பினர்கள், அவ்வளவு பெரிய மான்செஸ்டருக்கோ தனியாக ஒருவர்கூட இல்லை! இந்த எண்ணிக்கை மாறிய ஆண்டுகள் தெரிந்தால் தாளின் காலத்துக்கு ஒரு துப்புக் கிடைக்கும். யார்க்‌ஷயர் கவுண்டிக்கு முதலில் இரண்டு இடம். கார்ன்வாலின் கிராம்பவுண்ட் என்ற ஊர் ஊழலால் 1821-இல் உரிமையை இழந்ததும் அதன் இரண்டு இடங்களும் இங்கே வந்து, 1826 தேர்தலில் நான்கானது, 1832-இல் ஆறு. ஆனால் திருத்தாமல் விட்ட தகடுகளும் உண்டு என்பதால் இதை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லக்கூடாது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், 1794-க்குப் பிறகான ஆங்கிலத் தாள் பலவற்றில் நீர்க்குறியிலேயே (வெளிச்சத்தில் தெரியும் தாளின் உள்முத்திரை) ஆண்டு இருக்கும்.

வண்ணம் பழையதா என்று பார்க்கத் தாளைத் திருப்புங்கள். செம்பிலிருந்து செய்த பழைய பச்சை, தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்புத் தடம் விட்டிருக்கும். மடிப்பு வெடித்த இடத்தில் வண்ணம் நாருக்குள் ஊறியிருந்தால், அது வெடிப்புக்குப் பிறகு போட்டது.

சரி, பழுப்பு உறுத்துகிறதா? முதலில் இருபக்கமும் படமெடுத்து வையுங்கள். பழுதுபார்ப்பவரிடம் ஒவ்வொரு வண்ணத்தையும் ஓரத்தில் ஒரு சொட்டு நீரால் சோதித்தீர்களா என்று கேளுங்கள். வண்ணம் கரைந்தால் மென்தூரிகையால் உலர்சுத்தம் செய்வதோடு நிறுத்தச் சொல்லுங்கள். படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும்போது அமிலமில்லாத அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், கிழிசலில் ஒட்டிய செலோ டேப்பை நீங்களாக உரிக்க வேண்டாம், அதோடு மேல்தாளும் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.