சிமுலேட்டர் மணியும் பறந்த மணியும் ஒன்றல்ல

போன வாரம் தாம்பரத்தில் என் வீட்டுக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பையன் இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், கையில் 60 மணி நேர சிமுலேட்டர் (தரையில் உட்கார்ந்தபடியே பறப்பதுபோலப் பழகும் இயந்திரம்) பயிற்சிச் சான்றிதழ், நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். "மிலிட்டரியில ஹெலிகாப்டர் ட்ரெயினிங் போனா இந்த மணி அதுல கழியும்தானே சார்?" என்று அப்பா கேட்டார். கழியாது. இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த நான்காவது குடும்பம் இது, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சிமுலேட்டர் மணி மலிவு, சரி. ஆனால் பயிற்றுநர்கள் போடும் கணக்கு வேறு: நிஜமாகப் பறக்கும் நேரம் அதனால் எவ்வளவு குறைந்தது? ஒரு பேச்சுக்கு, ஹோவர், அதாவது அந்தரத்தில் அசையாமல் நிறுத்துவது, ஒருவனுக்குக் கைவர 10 மணி பறக்க வேண்டும் என்று வையுங்கள். முதலில் 5 மணி சிமுலேட்டரில் உட்கார்ந்ததால் அது 8 மணியானால் 2 மணி மிச்சம். சிமுலேட்டருக்குப் பறக்கும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால், அந்த 5 மணிக்கு ஆவது ஒரு மணி பறக்கும் செலவு, மிச்சமானது 2 மணி. இன்னும் 5 மணி கொடுத்தால்? அரை மணி குறைந்தாலே பெரிது, அதே ஒரு மணிச் செலவு ஆகிவிடும், நஷ்டம். முதல் சில மணிகளில்தான் பலன், போகப்போகத் தேய்ந்துவிடும். இதைப் புரியவைக்கத்தான் நான் தொண்டை வறளப் பேசுகிறேன், 60 மணி, 100 மணி என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழக, தீ எச்சரிக்கை வந்தால் எந்தச் சுவிட்ச் முதலில் என்று பழக, சிமுலேட்டர் அருமையானது. ஆனால் இன்ஜின் நின்றதும் கலெக்டிவை, அதாவது ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோலை, ஓரிரு நொடிக்குள் இறக்கி, ரோட்டர் எனும் மேல் சுழலியின் சுற்றைக் காப்பாற்றி, கடைசியில் தரை எழும்பி வரும்போது சரியான கணத்தில் அந்த நெம்புகோலை இழுத்துத் தரையிறக்குவதை உடம்பு நிஜமாகப் பறந்துதான் கற்க வேண்டும். அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படை மாணவர்கள் பழகும் சேத்தக் ஹெலிகாப்டர் ஒற்றை இன்ஜின்தான், அது நின்றால் வேறு இன்ஜின் கிடையாது. அமெரிக்கக் கடற்படையும் 2020இல் புதிய பயிற்சி ஹெலிகாப்டராக ஒற்றை இன்ஜின் ரகத்தையே தேர்ந்தெடுத்தது.

தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். படைக்குத் தேர்வாகிவிட்டால் பறக்கும் பயிற்சிக்கு நீங்கள் ஒரு காசு கட்டத் தேவையில்லை. தேர்வில் விமானிக்கான திறன் சோதனை வாழ்நாளில் ஒரே முறைதான், அங்கே யாரும் சிமுலேட்டர் சான்றிதழ் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்கட்டும், ஆங்கிலத்தை விடாதீர்கள். விமானப்படையில் ஹெலிகாப்டரா போர் விமானமா என்பதே பயிற்சியின் நடுவில்தான் முடிவாகும், அதை முன்கூட்டியே உறுதி தருகிறேன் என்பவரிடம் இன்னொரு நிமிடம்கூடப் பேசாதீர்கள்.

அந்தப் பையனிடம் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பினேன். வருடத்துக்கு 2 முறை நடக்கிறது, கட்டணம் 100 ரூபாய்.