நிர்ப்பீடனமா, காப்பா?

யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்த எல்லோரும் 'இம்யூனிட்டி'க்குத் தமிழான 'நிர்ப்பீடனம்' என்ற சொல்லை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள்தாம். பாடநூலுக்கு வெளியே அதை நான் கண்டது, தெரிந்த அண்ணர் ஒருவர் விறாந்தையில் வைத்து நீட்டிய இரத்தப் பரிசோதனை அறிக்கையில். எச்.ஐ.வி.யுடன் பல ஆண்டுகளாக வாழ்கிறவர்; மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதவர். அறிக்கையின் அடியில் யாரோ பேனாவால் தமிழில் எழுதியிருந்தார்கள்: "ஈரலழற்சி பி, நிர்ப்பீடனம் இல்லை."

"தம்பி, மருந்து கைவிட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

கைவிடவில்லை. மேல் வரியிலேயே, நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களில் (உயிரணுக்களில்) ஒரு வகையான சீ.டி.4 கலங்களின் எண்ணிக்கை 500ஐத் தாண்டி நல்ல நிலையில் இருந்தது. இல்லாதது ஈரலழற்சி பி (ஹெபடைட்டிஸ் பி) என்ற ஒரேயொரு நோய்க்கான பிறபொருளெதிரி (அன்டிபொடி) மட்டும். உடலின் முழு எதிர்ப்பாற்றலுக்கும் ஒரு தனி நோய்க்கான பாதுகாப்புக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறோம். அதனால் அந்த மனிதர் இரண்டு இரவு தூங்கவில்லை.

சொல்லைப் பிரித்தால் நிர் + பீடனம். பீடனம் வடசொல், வருத்துதல் என்று பொருள். 'பீடை தொலைந்தது' என்கிறோமே, அந்தப் பீடை இதன் உறவு. ஆகவே நிர்ப்பீடனம் என்றால் பீடையற்ற நிலை. 'இம்யூனிட்டி' என்ற மேலைநாட்டுச் சொல்லின் வேரோ இலத்தீனில் 'இம்யூனிஸ்': ஊர்க்கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவன். நம் கல்வெட்டுகளின் 'இறையிலி', அதாவது வரி நீக்கிய நிலம், நினைவுக்கு வருகிறது. மருத்துவத்தில் இச்சொல் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இரண்டு சொற்களும் சுமை இல்லை என்று மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு, எதற்கு, எதுவரை என்று சொல்வதில்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேண்டியதோ அந்த மூன்றும்தான். அந்த வைரஸால் அழிக்கப்படும் சீ.டி.4 கலங்களே பிறபொருளெதிரி ஆக்கும் கலங்களுக்குத் துணை நிற்பவை. அவை குறையும்போது சிறுவயதில் போட்ட ஊசியின் நினைவும் தேய்கிறது. புதிதாகப் போடும் ஊசிக்கும் உடல் மந்தமாகவே பதில் தருகிறது. சிகிச்சையால் எண்ணிக்கை ஏறினாலும், போன நினைவு முழுவதும் திரும்புவதில்லை.

அதனால்தான் ஈரலழற்சி பி ஊசியின் கடைசித் தவணை முடிந்து ஓரிரு மாதத்தில் இரத்தத்தைப் பார்க்கிறார்கள். பிறபொருளெதிரி மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகை எட்டினால் பாதுகாப்பு உண்டு. எட்டாவிட்டால் மறுபடியும் தவணைகள், சிலருக்கு இரட்டிப்பு அளவில். இலங்கையில் குழந்தைகளுக்கான அட்டவணையில் இந்த ஊசி சேர்ந்தது 2003இல். அண்ணர் வயதுக்காரர்கள் அதைக் குழந்தையில் பெறவில்லை. சின்னமுத்து (மீசில்ஸ்), கொப்புளிப்பான் (சிக்கன்பொக்ஸ்) ஊசிகளின் கதை வேறு. அவற்றில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ் என்பதால், சீ.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழ் இருக்கும்போது போடமாட்டார்கள். சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023இல் அது மீண்டும் பரவியது. வளர்ந்தவர்களும் தம் நிலையைக் கேட்டறிந்து வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 'நோயெதிர்ப்பாற்றல்' என்பார்கள். முழு உடலின் திறனைக் குறிக்க அது போதும். 'நோய்த்தடைக்காப்பு' என்ற பாடநூல் சொல்லும் அங்கே உண்டு. அதன் கடைசிப் பகுதியே தனி நோய்க்குப் பொருந்தும் சொல் என்பேன்: காப்பு. ஈரலழற்சிக் காப்பு, சின்னமுத்துக் காப்பு, ஏற்புவலி (டெட்டனஸ்) காப்பு. கேதார கௌரி விரத முடிவில் எங்கள் வீடுகளில் 21 இழைக் காப்பு கட்டுவோம்; அடுத்த ஆண்டு அதைக் கழற்றிப் புதிது கட்டுவோம். ஆண்டுதோறும் போடும் இன்புளுவென்சா ஊசியை அம்மாவுக்கு விளக்க எனக்கு வேறு உவமை தேவைப்படவில்லை. காப்பு தளரும், அவிழும், மறுபடி கட்டலாம். நிர்ப்பீடனம் என்ற சொல்லில் அந்த இடம் இல்லை. பரீட்சைத் தாளில் அது இருக்கட்டும்; நோயாளி கையில் போகும் தாளில் வேண்டாம்.

அண்ணரின் அறிக்கையில் அந்த வரியை வெட்டிவிட்டு, பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: "ஈரலழற்சி பி காப்பு இன்னும் போதாது. மறுபடி ஊசி போடுவார்கள்." இரண்டு தரம் வாசித்தார். "அடுத்த கிளினிக் எப்போது?" என்று நாட்காட்டியைப் பார்க்க எழுந்து உள்ளே போனார்.