பசியோட உக்காந்த புள்ளைக்கு பாடம் ஏறாது: ஸ்கூல் சாப்பாட்டுல உங்க புள்ளைக்கு என்னென்ன உண்டு

போன வாரம் எங்க தெருவுல ஒரு அக்கா கேட்டாங்க, "ஸ்கூல்ல காலைல டிபன் போடுறாங்களாமே, அதுக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் குடுக்கணுமா, நாங்க குடுக்கவே இல்லையே"னு. அவங்க பொண்ணு மூணாவது படிக்குது, அம்மா காலைல அஞ்சரைக்கே வீட்டு வேலைக்கு கெளம்பிடுவாங்க, இத்தனை நாளா அந்தப் புள்ள ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும் சாப்ட்டு பெல் அடிக்கிற நேரத்துக்கு ஓடி இருக்கு, கேட்டதும் மனசு கஷ்டமா போச்சு. இப்படி தெரியாம இருக்குறவங்க நெறைய பேர் இருப்பாங்கன்னு தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க, தெரியாதவங்களுக்கும் அனுப்புங்க.

அந்த அக்காவுக்கு சொன்னதையே இங்கயும் சொல்றேன். எதுவும் குடுக்க வேணாம். தமிழ்நாட்டுல அரசு பள்ளில ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் படிக்கிற எல்லா புள்ளைக்கும் காலை உணவு உண்டு. வருமானச் சான்று கிடையாது, மனு எழுதுறது கிடையாது, அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நடுநிலைப் பள்ளியா இருந்தாலும் அதுல இருக்குற முதல் அஞ்சு வகுப்புக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு முதல்ல இல்லாம இருந்துச்சு, அப்புறம் 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள் அன்னிக்கு, கிராமத்துல இருக்குற உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்துச்சு, 2025 ஆகஸ்ட் 26ல டவுன்ல இருக்குற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துடுச்சு. பீஸ் கட்டி படிக்கிற தனியார் பள்ளிக்கு தான் இது இல்ல. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், புள்ளைய எட்டே காலுக்கெல்லாம் ஸ்கூல்ல விட்டுடணும், ஒன்பது மணிக்கு போனா பாத்திரம் கழுவிட்டு இருப்பாங்க.

இந்தத் திட்டம் எப்படி வந்துச்சுன்னா, 2022 மே மாசம் சட்டசபைல அப்போ முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் அறிவிச்சாரு, அதே வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள்ல, மதுரை சிம்மக்கல் பக்கத்துல இருக்குற ஆதிமூலம் மாநகராட்சி பள்ளில ஆரம்பிச்சாங்க. அப்ப 1,545 பள்ளி, ஒரு லட்சத்து பதினாலாயிரம் புள்ளைங்க. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25ல திருக்குவளைல வச்சு மாநிலம் முழுக்க இருக்குற அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்குனாங்க, 31,008 பள்ளி. இப்படி அகலப்படுத்துனதுக்கு காரணம் முதல் வருஷத்துலயே கண்ணுக்கு தெரிஞ்சுது, மாநில திட்டக்குழு பண்ண ஆய்வுல 1,543 பள்ளிய பாத்ததுல 1,319 பள்ளில புள்ளைங்க வருகை கூடியிருந்துச்சு. டீச்சர் திட்டியும் வராத புள்ள பொங்கலும் சாம்பாரும் இருக்குன்னா வந்துடும், இதுல வெக்கப்படுறதுக்கு ஒண்ணுமே இல்ல, பசிச்ச புள்ள அப்படித்தான் செய்யும்.

சாப்பாடு என்னன்னு கேட்டா உப்புமா, கிச்சடி, பொங்கல், இந்த மூணுலயே வகை வகையா வரும், ரவை, சேமியா, கோதுமை ரவை, அரிசின்னு மாத்தி மாத்தி, கூட காய்கறி போட்ட சாம்பார். ஒரு புள்ளைக்கு சமைக்காத அளவுல அரிசியோ ரவையோ 50 கிராம், பருப்பு 15 கிராம், சாம்பார் 100 மில்லி ஊத்தணும்னு கணக்கு இருக்கு. இந்த அளவ ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா "அளவு கம்மியா இருக்கு", "சாம்பார் தண்ணியா இருக்கு"ன்னு பொதுவா புலம்புறத விட "100 மில்லி ஊத்தணும், பாதி கூட இல்லையே"ன்னு கேக்கும்போது எதிர்ல இருக்குறவங்க பதில் சொல்லியே ஆகணும். சமைக்கிறது பெரும்பாலும் அந்த ஊரு மகளிர் சுய உதவிக் குழு பெண்கள் தான், அதே பள்ளில தன் புள்ள படிக்கிற அம்மாவா பாத்து எடுக்கணும்னு வச்சிருக்காங்க. அது ரொம்ப நல்ல யோசனைன்னு எனக்கு தோணுது, தன் புள்ளையும் அதே தட்டுல சாப்பிடப் போகுதுன்னா உப்பு கூட பாத்து தான் போடுவாங்க. பெரிய டவுன்ல பல பள்ளிக்கும் சேத்து ஒரே சமையல் கூடத்துல செஞ்சு வண்டில அனுப்புறாங்க, அங்க தான் சூடு ஆறிப் போற பிரச்சினை வருது.

இப்ப மதியத்துக்கு வருவோம். காலை சாப்பாட்டையும் மதிய சாப்பாட்டையும் எல்லாரும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கிறாங்க. காலை உணவு மாநில அரசு கொண்டு வந்த திட்டம். மதிய சாப்பாடு அப்படி இல்ல, அது சட்டம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அஞ்சாவது பிரிவு, அரசு பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ எட்டாவது வரைக்கும் படிக்கிற புள்ளைக்கு லீவு நாள் தவிர எல்லா நாளும் மதிய சாப்பாடு இலவசமா குடுத்தே ஆகணும்னு சொல்லுது. தொடக்கப் பள்ளி புள்ளைக்கு 450 கலோரி 12 கிராம் புரதம், ஆறு முதல் எட்டு வரைக்கும் 700 கலோரி 20 கிராம் புரதம். நம்ம ஊர்ல அதுக்கும் மேல பத்தாவது வரைக்கும் சத்துணவு போடுறாங்க, வாரத்துக்கு அஞ்சு முட்டை, முட்டை சாப்பிடாத புள்ளைக்கு வாழைப்பழம்.

இந்தச் சட்டத்துக்கு கீழ 2015ல வந்த மதிய உணவு விதில இன்னொண்ணு இருக்கு, இது பெத்தவங்க முக்கால்வாசி பேருக்கு தெரியாது. அரிசி வரல, கேஸ் தீந்துடுச்சு, சமையல்காரம்மா லீவுன்னு சொல்லி ஒரு நாள் சாப்பாடு போடலன்னா, அந்த நாளுக்கான தானியத்தையும் சமையல் செலவு காசையும் உணவுப் பாதுகாப்பு படியா, அதாவது போடாத சாப்பாட்டுக்கு ஈடா, அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள புள்ளைக்கு குடுக்கணும். தொடர்ந்து மூணு நாளோ, மாசத்துல அஞ்சு நாளோ போடலன்னா யாரு பொறுப்புன்னு கண்டுபிடிச்சு மாநில அரசு நடவடிக்கை எடுக்கணும். ஆனா சாப்பாடு போட்டும் உங்க புள்ள வேணாம்னு சாப்பிடலன்னா அதுக்கு படி கேக்க முடியாது.

இதெல்லாம் திடீர்னு வானத்துல இருந்து விழல. 1920ல சென்னை மாநகராட்சி தலைவரா இருந்த தியாகராயர், ஆயிரம் விளக்குல இருந்த பள்ளில ஒரு புள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாம சிற்றுண்டி போட தீர்மானம் கொண்டு வந்தாரு, காசு ஒதுக்க வெள்ளைக்காரன் ஒத்துக்காததால அது சில வருஷத்துல நின்னு போச்சு. 1956ல காமராஜர் எட்டயபுரத்துல மதிய உணவ ஆரம்பிச்சாரு. 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சில சத்துணவா பெருசாக்குனாரு, கலைஞர் முட்டை போட ஆரம்பிச்சு 2010ல வாரத்துக்கு அஞ்சாக்குனாரு, ஜெயலலிதா கலவை சாதம் கொண்டு வந்தாங்க. 2001 நவம்பர் 28ல உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துலயும் சமைச்ச சாப்பாடே குடுக்கணும்னு உத்தரவு போட்டப்போ நம்ம ஊர்ல ஒரு தலைமுறையே அத சாப்ட்டு வளந்து முடிச்சிருந்துச்சு.

எட்டயபுரம்னு சொன்னதும் எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வருது, சொல்லாம போக முடியல. காமராஜர் ஆரம்பிச்ச அதே எட்டயபுரம் பக்கத்துல உசிலம்பட்டின்னு ஒரு ஊரு, 2023 செப்டம்பர்ல அங்க காலை உணவ சமைச்சது தலித் பெண் அப்படிங்கிறதுக்காக புள்ளைங்கள சாப்பிட விடாம பண்ணாங்க. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேர்ல போய் புள்ளைங்களோட உக்காந்து அந்த அம்மா சமைச்சத சாப்ட்டாங்க. ஏழு வயசு புள்ளைக்கு பசி மட்டும் தான் தெரியும், இந்த அழுக்க பெரியவங்க தான் ஊட்டி விடுறோம். சமையலுக்கு ஆள் எடுக்கும்போது தலித் மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் முன்னுரிமை குடுக்கணும்னு 2004 ஏப்ரல்லயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. உங்க ஊர்ல யாராவது "அவங்க சமைச்சா எங்க புள்ள சாப்பிடாது"ன்னு சொன்னா தயவு செஞ்சு அமைதியா நிக்காதீங்க.

சாப்பாடு போட்டாச்சு, படிப்புக்கு என்ன பண்றாங்கன்னு கேப்பீங்க. நான் கொரோனாவுக்கு அப்புறம் இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா இருந்தவ, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எங்க வீட்டு திண்ணைல தான் கிளாஸ். ஸ்கூல் மூடிக் கெடந்த காலத்துல புள்ளைங்க எழுத்தையே மறந்து போனதால 2021 அக்டோபர்ல அத ஆரம்பிச்சாங்க. ஒரு பையன், நாலாவது, "அம்மா"ன்னு எழுத்துக் கூட்டவே திணறுவான், பத்து நிமிஷத்துல சுவத்துல சாஞ்சு தூங்கிடுவான். ஒரு நாள் சுண்டல் வேக வச்சு குடுத்தேன், அன்னிக்கு ஒரு பக்கம் முழுக்க விரல் வச்சு படிச்சான். அவனுக்கு மண்டைல ஒரு கோளாறும் இல்ல, வயித்துல ஒண்ணும் இல்ல, அவ்வளவு தான். அன்னிலேந்து எனக்கு சாப்பாடு வேற படிப்பு வேறன்னு பிரிச்சு பாக்கவே தெரியல.

இப்ப ஸ்கூலுக்குள்ளயே எண்ணும் எழுத்தும்னு ஒண்ணு நடக்குது. 2022 ஜூன்ல ஒண்ணு ரெண்டு மூணாவதுக்கு ஆரம்பிச்சு அடுத்த வருஷம் நாலு அஞ்சுக்கும் கொண்டு வந்தாங்க. இதுல புள்ளைங்கள வயச வச்சு பாக்காம எவ்வளவு தெரியும்னு வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சு சொல்லிக் குடுப்பாங்க. அரும்புன்னா எழுத்தே இப்ப தான் பழகுது, மலர்னா அந்த வகுப்புக்கு உரியத படிக்குதுன்னு அர்த்தம். அதனால அடுத்த தடவ டீச்சர பாக்கும்போது "எப்படி படிக்கிறான்"னு கேக்காதீங்க, அதுக்கு "பரவால்ல"ன்னு தான் பதில் வரும். "என் புள்ள அரும்பா மொட்டா மலரா, காலைல சாப்பிடுறானா"ன்னு கேளுங்க.

கொறை இருந்தா எங்க சொல்றதுன்னா, மொதல்ல தலைமை ஆசிரியர்ட்ட, அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுல. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா தான் இருக்கணும், பாதி பேர் பெண்களா இருக்கணும், அதனால அங்க நீங்க விருந்தாளி இல்ல. சாப்பாட்ட ருசி பாக்குறதும் குழு வேலை தான், ஒரு நாள் காலைல போய் ஒரு வாய் சாப்ட்டு பாருங்க. அங்கயும் நடக்கலன்னா பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, முதல்வர் உதவி மையம் 1100.

ஒரு கொறைய மட்டும் சொல்லிடுறேன். அஞ்சாவது முடிச்சு ஆறாவது போற புள்ளைக்கு காலை உணவு இல்ல, மதியம் மட்டும் தான். பெரும்பாலும் ஆறாவதுக்கு தூரமா இருக்குற ஸ்கூலுக்கு மாறுது, ஏழரைக்கே பஸ்ஸ புடிக்கணும், அப்ப தான் வளர்ற வயசு, அப்ப தான் காலை சாப்பாடு நிக்குது. இது மாறணும்னா நாம கேக்கணும். கிராமத்துல இருக்குறவங்களுக்கு வருஷத்துல ஆறு கிராம சபை இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாலு அம்மாக்கள் சேந்து போய் "ஆறுல இருந்து எட்டு வரைக்கும் காலை உணவு வேணும்"னு தீர்மானம் போடச் சொல்லி மனு குடுங்க. மனுவ ரெண்டு காப்பியா எழுதிட்டுப் போங்க, ஒண்ணுல தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்கி வீட்டுல பத்திரமா வச்சுக்கோங்க.