உடைகலன்: ஒரு விளையாட்டுச் சொல்லின் பொருளும் வேரும்

நிகழ்பட விளையாட்டுகளில் வழியோரம் நிற்கும் மரப்பெட்டியையோ பீப்பாயையோ ஆட்டக்காரர் அடித்து நொறுக்கினால், உள்ளிருந்து பழமோ ஆயுதமோ, எஞ்சிய உயிரளவைத் திரையில் காட்டும் உயிர்ப்பட்டியை நிரப்பும் உணவோ வெளிப்படும். இத்தகைய பொருட்கள் அனைத்தையும் சுட்டும் பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் ‘கன்டெய்னர்’ என்பதும், பெட்டி வடிவில் இருப்பவற்றுக்கு ‘கிரேட்’ என்பதும் வழங்குகின்றன. தமிழ்ப் பிள்ளைகள் விளையாடும்போது ‘பாக்ஸ உடை’ என்று சொல்லி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். எழுத்தில் ஆளுவதற்கு ஒரு சொல் வேண்டியிருப்பதால், ‘உடைகலன்’ என்பதை இங்கே முன்வைத்து, அதன் பொருத்தத்தையும் சிக்கலையும் ஆராய்கிறேன்.

முதலில் ‘கிரேட்’. பின்னல் தட்டி, படல் என்னும் பொருள்கொண்ட ‘கிராதிஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அடுப்பின் மேல் இறைச்சி வாட்டும் கம்பித்தட்டைக் குறிக்கும் ‘கிரில்’ என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆகவே கிரேட் என்பது நாற்புறமும் மூடிய பேழை அன்று. பலகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அறைந்து செய்த சரக்குப்பெட்டி. விளையாட்டுகளில் அதன் முகங்களில் குறுக்குச் சட்டம் வரையப்பட்டிருப்பது இந்தப் பழைய உருவத்தின் எச்சமே.

இந்தப் பெட்டி விளையாட்டுகளில் பெருகியதற்குக் கணினியின் வறுமையும் ஒரு காரணம். 1996-இல் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த ‘கிராஷ் பாண்டிகூட்’ விளையாட்டை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தார், காட்டையும் பாதையையும் வரைவதற்கே பொறியின் ஆற்றல் பெரும்பாலும் செலவாகிவிட்டதால், ஒரே நேரத்தில் திரையில் பல எதிரிகளை நிறுத்த இயலாமல், களம் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டனர். பெட்டிக்கோ ஆறு முகங்கள் போதும். பன்னிரண்டு முக்கோணங்களில் அதை வரைந்துவிடலாம். அடுக்கலாம், மேலே ஏறிக் குதிக்கலாம், சுழன்று உடைக்கலாம். இந்த மலிவான தீர்வு பின்னர் அவ்விளையாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மேலே குதித்தால் எண்ணத் தொடங்கி மூன்று நொடியில் வெடிக்கும் டிஎன்டி பெட்டியும் அதில் உண்டு. உடைக்காமல் விட்ட பெட்டிகள் கட்டத்தின் முடிவில் நாயகனின் தலையில் ஒவ்வொன்றாக விழும் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

பீப்பாயின் கதை வேறு. ஆங்கில ‘பேரல்’ பழைய பிரெஞ்சு ‘பரில்’ என்பதிலிருந்து வந்தது. நம்முடைய ‘பீப்பாய்’ அதன் மொழிபெயர்ப்பன்று. போர்ச்சுக்கீசிய ‘பிப்பா’ கடல்வழியே வந்து தமிழ் ஒலிக்கு இசைந்த வடிவம். சண்டை விளையாட்டுகளில் பீப்பாய்க்கும் தனி இடம் உண்டு. 1989-இல் கேப்காம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபைட்’டில் தெருவோரப் பீப்பாயைக் குத்தி உடைத்தால் இறைச்சி கிடைக்கும், அதைத் தரையிலிருந்து எடுத்து உண்டால் உயிர்ப்பட்டி நிரம்பும். தூய்மையைப் பற்றி அங்கே எவரும் கேட்பதில்லை. 1999-இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ பெட்டியையும் பீப்பாயையும் தூக்கி எறியும் படைக்கலங்களாகவும் ஆக்கியது. உடைந்தால் சில வேளை பொருள் கிடைக்கும், சில வேளை வெடிக்கும். அதில் வரும் ‘கேப்சூல்’ என்பது சிறுபெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. குங்குமத்துக்கு நாம் வைத்திருக்கும் ‘சிமிழ்’ என்ற சொல்லை அதற்கு ஈடாகத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இவை அனைத்துக்கும் பொதுவான பெயர் எது? ‘கொள்கலன்’ என்பது துறைமுகச் சரக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஏற்கெனவே வழங்குகிறது. உள்ளே கொள்ளும் என்பதைச் சொல்கிறதே தவிர, உடையும் என்பதைச் சொல்லவில்லை. ‘பேழை’ திறப்பதற்கானது. ‘உடைபெட்டி’ எனலாம், ஆனால் இடையில் ஒரு ‘ப்’ தவறி விழுந்தால் துணிமணி வைக்கும் உடைப்பெட்டி ஆகிவிடும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற விதியை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்துவது இன்றைய எழுத்து நிலையில் துணிச்சலான காரியம். மேலும் பீப்பாயும் சிமிழும் பெட்டி ஆகா.

‘உடைகலன்’ இந்த இடர்களைத் தவிர்க்கிறது. உடைந்த, உடைகின்ற, உடையும் கலன் என மூன்று காலத்தையும் வினைத்தொகை தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ‘உடை’ என்ற வினைப்பகுதியோ தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒன்றே: ஆட்டக்காரர் உடைத்தாலும், பக்கத்துப் பெட்டி வெடித்துத் தானே உடைந்தாலும் சொல் பொருந்தும். கலம், கலன் என்பவை மட்பாண்டத்துக்கும் அணிக்கும் மரக்கலத்துக்கும் உரிய பழஞ்சொற்கள். ‘கலஞ்செய் கோவே’ என்று குயவரை விளிக்கும் புறநானூற்று அடியைப் பலர் அறிவர்.

சிக்கலும் அங்கேதான். மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கடலில் மாண்டான் என்ற பொய்ச்செய்தி வரும் இடத்தில் ‘உடைகலப் பட்டாங்கு’ என்ற தொடர் காணப்படுகிறது. அங்கே உடைகலம் என்பது உடைந்த கப்பல். இலக்கியம் கற்றவர் காதில் புதிய ஆட்சி சற்றே உறுத்தக்கூடும். எனினும் கப்பலுடைவைப் பேசும் இடமும் விளையாட்டுத் திரையும் குழம்ப வாய்ப்பில்லை என்பதால், இந்தப் பழம்பொருளைத் தடையாக நான் கருதவில்லை.

சொல்லின் எல்லையையும் வரையறுக்க வேண்டும். 1985-இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் கேள்விக்குறிக் கட்டி பொருளைத் தந்த பிறகும் உடையாமல் நிற்கிறது. அது கலனே தவிர உடைகலன் அன்று. 1986-இன் ‘காசில்வேனியா’வில் சாட்டையால் அடித்தால் இதய உரு தரும் மெழுகுவர்த்தியோ கலனே அன்று, ஆயினும் அதன் செயல் முழுவதும் உடைகலனுடையது என்பதால் அதையும் இதில் சேர்க்கலாம். பணம் செலுத்தித் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ முற்றிலும் வேறு. அங்கே உடைவது பெட்டி அன்று, பெற்றோரின் பணப்பை. ஸ்மாஷ் தொடரில் 2001 முதல் வரும் விழாப்பந்து மட்டும் இரண்டும்கெட்டானாக நிற்கிறது. ஜப்பானியத் திறப்புவிழாக்களில் தொங்கவிடும் ‘குசுதமா’ உருண்டையின் சாயலில் அமைந்த அது, அடிபட்டதும் மேலெழுந்து, நொறுங்காமல் இரண்டாகப் பிளந்து பொருட்களைக் கொட்டும். தேங்காய் இரண்டாகப் பிளந்தாலும் ‘உடைத்தோம்’ என்றே சொல்லும் தமிழில் அதுவும் உடைகலனே.