'என் கடன் இல்லை' என்று எழுதிக் கொடுக்கும் முன்

சிபில் சிக்கல் என்று போன மாதம் மட்டும் என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவதாக வந்தவர் கோட்டூர் பக்கத்து விவசாயி. மஞ்சப்பையிலிருந்து சிபில் ரிப்போர்ட்டை, அதாவது அவர் வாங்கிய கடன்களின் வரலாற்றைக் காட்டும் அறிக்கையை, எடுத்து மேசையில் வைத்தார். ஏழு கடன்கள். ஏழுக்கும் நேராக யாரோ பேனாவால் டிக் அடித்து 'என்னுடையது அல்ல' என்று எழுதியிருந்தார்கள்.

"இந்த டிராக்டர் லோன் உங்களோடது இல்லையா?"

"என்னோடதுதான் சார். வண்டி கொட்டாயில நிக்கிது."

"அப்புறம் ஏன் இல்லைன்னு போட்டிருக்கு?"

"அப்படிப் போட்டாத்தான் அழியும்னு அந்தத் தம்பி சொன்னாரு."

அந்தத் தம்பி, 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டும் ரகம். 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பான் கார்டு நகலையும் செல்லுக்கு வந்த ஓடிபியையும் வாங்கி, ஒரே நாளில் ஏழுக்கும் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், போட்டுவிட்டார். அப்போது மகனின் கல்விக் கடன் ஃபைல் பேங்கில் இருந்தது. அப்பா கூட்டு விண்ணப்பதாரர். ரிப்போர்ட்டை எடுத்த அதிகாரி, கணக்குக்குக் கணக்கு 'ஆட்சேபத்தில் உள்ளது' என்ற குறிப்பைப் பார்த்ததும் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார். நான் 22 வருடம் பேங்க் கடன் பிரிவில் இருந்தவன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தன் கையெழுத்தும் போட்டோவும் இருக்கிற பத்திரத்தை 'என்னுது இல்லை' என்று சொல்பவருக்கு அடுத்த கடனை யார் தைரியமாகக் கொடுப்பார்கள்?

ஆட்சேபங்களில் ஆறு நிராகரிக்கப்பட்டன. ஒன்று மட்டும் ரிப்போர்ட்டிலிருந்து நீங்கியது. எது தெரியுமா? வருடா வருடம் தவணை தப்பாமல் கட்டிப் புதுப்பித்த பழைய பயிர்க்கடன். அந்தக் கிளையில் பழைய ஃபைல் கிடைக்கவில்லையாம், 'சரி, நீக்கிவிடுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் இவருக்காகப் பேசிய ஒரே கணக்கு அதுதான். அது போனதும் ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், இன்னும் கீழே இறங்கிவிட்டது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு தப்பு நினைப்பு. 'சிபில்காரன் மனசு வச்சா அழிச்சிடுவான்.' சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சிபில் கடன் கொடுத்த கம்பெனி இல்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றும் அப்படித்தான். பேங்க் அனுப்பும் கணக்கை வாங்கிப் பதிந்து காட்டுவதுதான் இந்த நான்கின் வேலை. நீங்கள் ஆட்சேபம் போட்டால் அவர்கள் பேங்கைக் கேட்பார்கள். பேங்க் 'எங்கள் கணக்கு சரி' என்றால் சரிதான். பேங்க் ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் 20 காட்டினால் மீட்டரோடு சண்டை போடுவோமா, நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைப்போமா? இங்கே மட்டும் மீட்டரை மாற்றித் தருகிறேன் என்பவனிடம் பணம் கொடுக்கிறோம்.

'ஆட்சேபத்தை 30 நாளைக்குள்ள முடிக்கலேன்னா தினம் 100 ரூபாய் தரணுமாமே' என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. தாமதத்துக்குத்தான் அந்த நூறு. காரணம் சொல்லி 30 நாளுக்குள் நிராகரித்துவிட்டால் ஒரு பைசா கிடையாது.

அடுத்தது 'செட்டில்'. இந்த ஒரு சொல் டெல்டாவில் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது! நம் பேச்சில் கடனை செட்டில் பண்ணுவது என்றால் பாக்கியில்லாமல் முடிப்பது. பேங்க் பாஷையில், முழுசாக வராததால் வந்த வரைக்கும் வாங்கிக்கொண்டு மீதியை நஷ்டத்தில் எழுதியது. கஜா புயல் வருடத்துக்குப் பிறகு நம் கோட்டூர்க்காரரின் டிராக்டர் தவணை நின்றுபோனது. கடைசியில் பேசி, 38,000 தள்ளுபடியில் முடித்தார். "எல்லாத்தையும் செட்டில் பண்ணிட்டேன் சார், செட்டில்னுதான் போட்டிருக்கு, அப்புறமும் லோன் தரமாட்டேங்கிறாங்க" என்கிறார். அந்த வார்த்தைதான் ஐயா தராததற்குக் காரணம். 'முடிக்கப்பட்டது' என்று வந்திருக்க வேண்டும். பேங்க் சொன்னது பொய்யில்லை என்பதால் ஆட்சேபம் நிற்காது. பேங்க் தள்ளுபடியாக விட்ட தொகையைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, கணக்கை மாற்றி அனுப்பும்படி கிளையில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் மாற்றுவார்கள். முன்பு தவணை தப்பிய மாதங்களின் தடம் சில காலம் இருக்கத்தான் செய்யும். அதற்கு நாள்தான் மருந்து.

மச்சானுக்கு ஜாமீன் போட்டுவிட்டு 'நான் பணமே வாங்கலை' என்று ஆட்சேபம் போடுகிறவர்களைப் பற்றி என்ன எழுத? போட்டது கையெழுத்து, வந்தது கடன்.

இன்னொருவருக்கு இதே ரக ஏஜென்ட் ஒருவர் இன்னும் மோசம் செய்தார். 'என் பெயரில் யாரோ கடன் வாங்கிவிட்டார்கள்' என்று போலீஸ் புகார் எழுதி, அதில் இவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பொய்ப் புகார் தனிக் குற்றம். மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். இன்னொன்று: அடமானம் எதுவும் வைக்காத கடனுக்கு பேங்க் வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் '42,000 இல்லை, 18,000தான் பாக்கி' என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தால், அது கடனை ஒப்புக்கொண்டதாகி, அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். இப்படிக் கடிதம் டைப் அடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதற்காக ஆட்சேபமே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. நம் ஊரில் இனிஷியலும் பேரும் ஒன்றாக ஒரே தெருவில் இரண்டு பேர் இருப்பார்கள். நீடாமங்கலத்து ஆசிரியர் ஒருவருக்கு அப்படித்தான் அடுத்தவர் நகைக்கடன் ஏறியிருந்தது. பான் நகல், பாஸ்புக் பக்கம், ஒரே ஒரு ஆட்சேபம், அதில் நாலு வரி. மூன்று வாரத்தில் நீங்கியது. ஒரு பைசா செலவில்லை. கட்டி முடித்த கடன் ரிப்போர்ட்டில் முடியாமல் திறந்தே கிடந்தாலும், கட்டிய தவணை கட்டாததாக விழுந்திருந்தாலும் தாராளமாகப் போடுங்கள்.

நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது, பயப்படாதீர்கள். நான்கையும் பாருங்கள்; ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தும் என்று நம்பாதீர்கள். முதலில் கிளைக்குப் போங்கள், ரசீதோடு. கடனுக்கு எழுதிப் போட்ட பிறகு ஆட்சேபத்தை ஆரம்பிக்காதீர்கள், திருத்தம் முடிந்து எழுதிப் போடுங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் 30 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், இருக்கிறார், அங்கேயும் கட்டணம் கிடையாது. ஓடிபியை மட்டும், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

கோட்டூர்க்காரர் இப்போது அந்த 38,000-ஐக் கட்டத் தயாராக இருக்கிறார். குறுவை அறுத்து, நெல்லைப் போட்டு, பணம் ஏறட்டும் என்கிறார். மகன் கல்லூரிக்கு முதல் வருடப் பணம் அம்மாவின் நகையை வைத்துப் போயிருக்கிறது. கட்டுகிற அன்றைக்கே நிலுவையில்லாச் சான்றைக் கையில் வாங்காமல் பேங்க் படி இறங்கக்கூடாது என்று சொல்லி, மஞ்சப்பையில் இருந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே அதை எழுதியும் கொடுத்தேன்.