ஃபார்முலா எல்லாம் தெரியும் சார், கணக்குதான் வரல

போன வாரம் ஒரு மாணவி மாதிரித் தேர்வு விடைத்தாளோடு வந்து நின்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது. "ஃபார்முலா எல்லாம் தெரியும் சார். கணக்குதான் வரல." இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்த புதிதில் இதைக் கேட்டால் எனக்குப் பாவமாக இருக்கும். இப்போது எரிச்சல்தான் வருகிறது. பிள்ளைகள் மேல் இல்லை. ஃபார்முலாவும் கணக்கும் வேறு வேறு என்று அவர்களை நம்பவைத்தவர்கள் மேல். அதில் என் தொழில்காரர்களும் உண்டு.

கணக்கு இதுதான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், சீராக பிரேக் பிடித்து 4 வினாடியில் நிற்கிறது. பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் போயிருக்கும்? முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: தூரம் = வேகம் × நேரம். 72 × 4 = 288 மீட்டர். அடியில் இரட்டைக் கோடு வேறு.

பெருக்கலில் தப்பில்லை. ஆனால் விடை ஏழு மடங்குக்கு மேல் பெரிது. ஒன்றே ஒன்று கேட்டேன்: "4 வினாடியில் 288 மீட்டர்னா வினாடிக்கு 72 மீட்டர். மணிக்கு 259 கிலோமீட்டர் வருது. பிரேக் பிடிச்ச கார் ஏம்மா இந்த ஓட்டம் ஓடுது?" சிரித்துவிட்டாள். சிரித்ததே பெரிய விஷயம். பல பேர் சிரிக்கக்கூட மாட்டார்கள், "அப்ப எந்த ஃபார்முலா சார்?" என்று பேனாவைத் திறப்பார்கள்.

தூரம் = வேகம் × நேரம் என்பது வேகம் மாறாத வரைக்கும்தான் செல்லும். வேகம் சீராகக் குறைந்தால் சராசரி வேகத்தைப் போட வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். கடைசியில் சுழியம். சராசரி 10. நான்கு வினாடிக்கு 40 மீட்டர். முடுக்கம் (வினாடிக்கு வினாடி வேகம் மாறும் அளவு) −5 என்று கண்டுபிடித்து இயக்கச் சமன்பாட்டில் பிரதியிட்டாலும் அதே 40தான் வரும். அந்த மூன்று இயக்கச் சமன்பாடுகளும் முடுக்கம் மாறாதபோது மட்டுமே பொருந்தும் என்று பாடத்தின் முதல் வரியிலேயே இருக்கும். சமன்பாட்டைச் சுற்றி மஞ்சள் மையில் கட்டம் போடுகிறவர்கள் அந்த வரிக்குக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

இனி என்னை ரொம்பவே வாட்டுகிற விஷயம்: முக்கோணம்.

தெரியாதவர்களுக்கு: ஒரு முக்கோணம் வரைந்து மேலே மின்னழுத்தம், கீழே மின்னோட்டம், மின்தடை என்று எழுதுவார்கள். எது வேண்டுமோ அதை விரலால் மூடினால் மிச்சம் விடை. மூன்று ராசிகள், அதாவது அளவுகள், வெறும் பெருக்கலில் இருக்கும்வரை வேலை செய்யும். பையன் அதோடு இயக்க ஆற்றலுக்கு (பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம்) போகிறான். 2 கிலோகிராம் பொருள், இயக்க ஆற்றல் 36 ஜூல், வேகம் என்ன? மேலே ஆற்றல், கீழே பாதி நிறை, வேகம். விரலால் மூடுகிறான். விடை 36. வர்க்கம் எங்கேடா? முக்கோணத்தில் அதற்கு மூலை இல்லை. வேகத்தின் வர்க்கம்தான் 36. வேகம் வினாடிக்கு 6 மீட்டர். இன்னொரு ரகமும் உண்டு: பாதி × நிறை × வேகம், மூன்றையும் பெருக்கிவிட்டுக் கடைசியில் மொத்தத்துக்கும் வர்க்கம் எடுப்பது. 3 கிலோகிராம், வினாடிக்கு 4 மீட்டர் என்றால் 24 ஜூல் வர வேண்டிய இடத்தில் 36 நிற்கும்.

அதைவிடப் பெரிய கேடு, முக்கோணம் சமன்பாட்டை வாசிக்க விடுவதில்லை. மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். "மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் கம்பியின் மின்தடை என்ன ஆகும்?" என்று கேட்டால் வகுப்பில் பாதிக் கைகள் "இரண்டு மடங்கு" என்று எழும். ஆகாது. மின்தடை கம்பியின் பண்பு. அதன் நீளம், தடிமன், உலோகம், வெப்பநிலை, இவைதான் அதைத் தீர்மானிக்கும். வெப்பநிலை மாறாத வரைக்கும் மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும்; விகிதம் அசையாது. ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின் உயிரே அந்த அசையாத விகிதம்தான். இதே மாதிரி நிறை = விசை ÷ முடுக்கம் என்று எழுதிவிட்டு, "பெட்டியை இன்னும் பலமாகத் தள்ளினால் அதன் நிறை கூடுமா?" என்று கேட்டால் யாரும் கூடும் என்று சொல்வதில்லை. பெட்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். கம்பிக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அலகு பற்றிச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இருந்தாலும். 500 கிராம் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம்? தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு, டிகிரிக்கு 4200 ஜூல். 0.5 × 4200 × 60 = 1,26,000 ஜூல். கிராமை அப்படியே போட்டால் ஆயிரம் மடங்கு. அடுத்த பிரிவில் 2000 வாட் ஹீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால், சரியாகச் செய்தவருக்கு 63 வினாடி. தப்பாகச் செய்தவர் பதினேழரை மணி நேரம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அரை லிட்டர் தண்ணீருக்குப் பதினேழரை மணி நேரம்! இன்னும் சிலர் கெல்வினுக்கு மாற்றுவதாக நினைத்து வெப்பநிலை வேறுபாடான 60உடன் 273ஐக் கூட்டுவார்கள். வேறுபாட்டுக்குக் கூட்டக் கூடாது. செல்சியஸிலும் கெல்வினிலும் அது ஒரே எண்தான்.

(விடைத்தாள் திருத்துபவனின் புலம்பல் ஒன்று: நிறைக்கும் மீட்டருக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. வேலைக்கும் வாட்டுக்கும் அப்படியே. அச்சில் ராசியைச் சாய்வெழுத்திலும் அலகை நேரெழுத்திலும் போடுவது அதற்காகத்தான். கையெழுத்தில் அந்த வசதி கிடையாது. ஆகவே எந்த எழுத்து எந்த ராசி என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.)

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. வேண்டும். ஆனால் சுவரில் ஒட்டிய பட்டியலைத் தினமும் பார்ப்பது மனப்பாடம் ஆகாது. கண்ணுக்குப் பழகும், கைக்கு வராது. புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத் தாளில் சமன்பாட்டை முதலில் சொற்களில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொன்றின் அலகு, பிறகு அது எப்போது செல்லும் என்று ஒரு வரி. இரண்டு நாள் விட்டு மறுபடி. வேகம், தூரம், நேரம் மூன்றுக்கும் மூன்று தனி ஃபார்முலா மனப்பாடம் செய்பவர்களே, பக்கம் மாற்றி எழுதப் பழகினால் உங்கள் சுமை மூன்றில் ஒன்றாகிவிடும். சில தேர்வுகளில் சூத்திரப் பட்டியலையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேயும் இதே 288 மீட்டரைத்தான் பார்க்கிறேன்.

தேர்வறையில்: எண்களைப் போடும் முன் சமன்பாட்டை எழுதுங்கள். விடை பிசகினாலும் சமன்பாட்டுக்கும் பிரதியிட்டதற்கும் பொதுவாக மதிப்பெண் உண்டு. நடுவில் தசம எண்களைத் தோராயமாக்காதீர்கள், கடைசியில் மட்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு சதுர மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு அல்ல. அழுத்தக் கணக்கில் இதில்தான் விழுகிறீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முந்தைய இரவு ஃபார்முலாக்களை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அதற்கு முன்பே, சாவகாசமான ஒரு நாளில், பிள்ளை ஏதாவது ஒன்றைச் சொன்னதும் "இது எப்போ செல்லாது?" என்று கேளுங்கள். இதற்கு உங்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதில் வர நேரமானால் பொறுத்திருங்கள்.