காட்டில் தனியே வழி தவறினால்: எல்லை தாண்டி மலையேறும் சிங்கப்பூரர்களுக்கு

சிங்கப்பூரின் மெக்ரிட்ச்சிக் காட்டில் பாதை மாறிப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் தீவு விரைவுச்சாலையின் இரைச்சல், இன்னொரு பக்கம் நீர்த்தேக்கம். சற்று நேரம் நடந்தால் ஏதாவது ஒரு பலகையோ சாலையோ கண்ணில் பட்டுவிடும். இந்தச் சிறிய காடு நம் கால்களுக்கு ஒரு பழக்கத்தை ஏற்றிவிடுகிறது: நடந்துகொண்டே இரு, எங்காவது போய்ச் சேரலாம். அதே கால்களோடு வார இறுதியில் ஜொகூர் பாலத்தைக் கடந்து மலேசியாவின் 1,276 மீட்டர் உயர லேடாங் மலைக்கோ எண்டாவ் ரொம்பின் காட்டுக்கோ போகிறோம். அங்கே நடந்துகொண்டே இருப்பவர் போய்ச் சேருவது இன்னும் அடர்ந்த காட்டுக்குத்தான்.

தேடுபவர்களின் பக்கமிருந்து கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். உங்களைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் நீங்கள் இருந்தால், அவர்கள் அலச வேண்டிய பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர். 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் அது 28 சதுர கிலோமீட்டர். மூன்று மடங்கு நடந்ததற்கு ஒன்பது மடங்கு வேலை.

ஆகவே பாதை தவறியது உறைத்த உடனே உட்காருங்கள். தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் எழாமல் இருங்கள். நெஞ்சு படபடக்கும்போது எடுக்கும் முடிவு எப்போதும் 'வேகமாக நட' என்பதாகவே இருக்கும். பிறகு, கடைசியாகப் பார்த்த பாதைக்குறி எங்கே என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பத்து நிமிட நடைக்கு மேல் போகாமல் திரும்பிப் பாருங்கள். போகும்போது கண் உயரத்தில் சிறு கிளைகளை ஒடித்துக்கொண்டே போனால், உட்கார்ந்த இடத்துக்கே திரும்பி வர முடியும். குறி கிடைக்காவிட்டால் அங்கேயே தங்குவதுதான் சரி.

"ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் ஊர் வரும்" என்ற அறிவுரை பயிற்சி வகுப்புகளில் தவறாமல் எழும். இங்குள்ள மலைகளில் அது ஆபத்து. ஓடை போகிற வழியில் அருவி வரும். பாசி படிந்த பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தால் அதன் பிறகு நடையே இல்லை. அதைவிட மோசமானது, மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம். மலை மேலே எங்கோ கொட்டிய மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே பாய்ந்து வந்துவிடும். தெளிந்த நீர் சட்டென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேற்பக்கம் இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள். தண்ணீர் எடுக்க மட்டும் ஓடைக்குப் போகலாம். படுக்கை கரையிலிருந்து சில மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும்.

கைத்தொலைபேசியை உடனே விமானப் பயண நிலைக்கு மாற்றித் திரையின் ஒளியைக் குறையுங்கள். அந்த நிலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடச் செயலி காட்டும் எண்களைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை குறித்துக்கொண்டால், இடம் பத்துப் பதினோரு மீட்டர் அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும். மணிக்கு ஒருமுறை அந்த நிலையை நீக்கி, முடிந்தால் சற்றுத் திறந்த மேட்டில், அலைவரிசை கிடைக்கிறதா என்று பாருங்கள். அவசர உதவி எண் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. உங்கள் நிறுவனத்தின் அலைவரிசை இல்லாத இடத்தில் 112 அழைப்பு வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போக வாய்ப்புண்டு. பேச முடியாத அளவு அலைவரிசை மெலிந்திருந்தாலும் குறுஞ்செய்தி போய்விடலாம். இட எண்கள், காயம் உண்டா, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, மின்கலம் எத்தனை விழுக்காடு, கடைசியாக "இங்கேயே இருப்பேன்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு இடம் மாறினால், அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

வெப்பமண்டலக் காட்டில் குளிரால் ஆபத்து வரும் என்று பலர் நம்புவதில்லை. லேடாங் உச்சியில் அடிவாரத்தைவிட 6, 7 டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் இரவு முழுக்க உட்கார்ந்தால் உடல் வெப்பம் இறங்கி, முதலில் நடுக்கமும் பிறகு பேச்சுக் குழறலும் வரும். இதற்கு விலை உயர்ந்த கூடாரம் தேவையில்லை. பெரிய கறுப்புக் குப்பைப்பை இரண்டு போதும். ஒன்றின் அடிப்பக்க மூலையில் முகம் வெளியே தெரியும் அளவு துளை வெட்டித் தலைவழியாக மாட்டிக்கொள்ளுங்கள். மூக்கும் வாயும் உள்ளே மூடப்படக் கூடாது. இன்னொன்றில் சருகைத் திணித்து, அமுங்கிய பிறகும் ஒரு சாண் உயரம் இருக்கும்படி கீழே போட்டு உட்காருங்கள். உடல் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும்.

சூரியன் ஏழு மணியளவில் மறைகிறது என்றாலும் மரக்கூரைக்குக் கீழே அரை மணி நேரம் முன்பே வேர் தெரியாது. ஐந்தரைக்கே படுக்கைக்கு இடம் பார்த்துவிடுங்கள். மேலே பட்ட கிளை தொங்குகிறதா, அடிமரத்தில் ரெங்காஸ் மரத்தின் கறுத்த பால் வழிந்த கறை இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். அந்தப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான் மரத்தடியும் வேண்டாம். சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

தண்ணீரை மிச்சம் பிடிக்காதீர்கள். புட்டியில் தண்ணீர் இருக்கும்போதே வெப்பத்தில் மயங்கி விழ முடியும். மழை பெய்தால் விரிப்பைக் கட்டுங்கள். 1 சதுர மீட்டர் விரிப்பில் 10 மில்லிமீட்டர் மழை 10 லிட்டர் தரும். ஓடை நீரைக் கைக்குட்டையில் வடிகட்டி, குளோரின் மாத்திரையை உறையில் உள்ள அளவுப்படி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கலங்கல் நீரில் சேறே குளோரினைத் தின்றுவிடும், கிருமி தப்பிவிடும். அதனால்தான் முதலில் வடிகட்டச் சொல்வது. மாத்திரையும் இல்லை, தாகத்தில் தலை சுற்றுகிறது என்றால் ஓடும் நீரை அப்படியே குடியுங்கள். வயிற்றுநோய்க்கு மருத்துவர் இருக்கிறார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். தெரியாத காயையும் காளானையும் தொடாதீர்கள். நெருப்பு மூட்டும் முயற்சியும் ஈரக் காட்டில் வீண் உழைப்புதான்.

விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். கத்தினால் ஒரு மணி நேரத்தில் தொண்டை போய்விடும். ஆரஞ்சு நிறத் துணியை மரக்கூரை திறந்திருக்கும் இடத்தில் கட்டுங்கள். இலைக்குக் கீழே இருப்பவரை ஹெலிகாப்டரால் பார்க்க முடியாது.

பாம்பு கடித்தால் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் கட்டி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். குளவிக்கூட்டம் கிளம்பினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே ஓடுங்கள். திடீர் வெள்ளத்தைப் போலவே இதுவும் உட்கார்ந்திருக்கும் விதிக்கு விலக்கு.

இத்தனையும் பலிக்க, நீங்கள் காணவில்லை என்று யாருக்காவது தெரிய வேண்டும். புறப்படுமுன் வீட்டில் மலையின் பெயர், ஏறும் பாதை, வழிகாட்டியின் எண், "இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் போலீசை அழை" என்ற கெடு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மலேசியாவில் பல மலைகளுக்கு வனத்துறை அனுமதியும் பதிவு பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். அனுமதி இல்லாமல் ஏறியவரை யாரும் எண்ணிக்கையில் வைத்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், காட்டில் இருந்ததையும் ஓடை நீரில் இறங்கியதையும் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் குரங்கிலிருந்து கொசு வழியாகப் பரவும் மலேரியாவுக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. நீங்கள் சொல்லாவிட்டால் அது டெங்கிக்கான பரிசோதனையோடு நின்றுவிடலாம்.